ஹையாட்டஸ் ஹெர்னியா அறுவை முடிந்து ஏழு வாரம்: களி இறங்காததற்கு அறுவை காரணமா, நான் காரணமா?

குழித்தறி, குடியாத்தம்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 48. லுங்கித் தறி நெய்கிறேன். பத்து ஆண்டுகளாக நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் என்னை விடவில்லை. இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியாக நான்கு சென்டிமீட்டர் நெஞ்சுக்குள் ஏறியிருப்பது எண்டோஸ்கோபியில் தெரிந்தது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடியட்டும் என்று காத்திருந்து, வைகாசிக் கடைசியில் வேலூரில், வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் அறுவை செய்துகொண்டேன். ஏறிய இரைப்பையைக் கீழே இழுத்து, துளையைத் தைத்துச் சிறிதாக்கி, இரைப்பையின் மேல்மடிப்பை உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி முழு வட்டமாகப் போர்த்தித் தைத்தார்கள். நான்கு வாரம் கஞ்சியும் மோரும் பருப்புத் தண்ணீருமாக ஓடின; பிறகு குழைந்த சோறு. எரிச்சல் அடியோடு போயிற்று, மாத்திரையும் நின்றது.

சென்ற வாரம்தான் வினை வந்தது. அம்மா கேழ்வரகுக் களி கிளறி, கீரைக் குழம்பு வைத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் கொடுத்த தாளில், மென்மையான உணவு உண்ணலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. களியைவிட மென்மையானது எது என்று எண்ணி, சிறு வயது முதல் பழகிய முறையில், எலுமிச்சம்பழ அளவு உருண்டையைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கினேன். அது நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. எச்சில் நுரை நுரையாகப் பொங்கியது. ஓங்கரிப்பு வந்ததே தவிர வாந்தி வரவில்லை. ஒன்றரை மணி நேரம் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு உள்ளே ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது. அறுவை கெட்டுவிட்டது, மாத்திரையோடு காலம் தள்ளியிருக்கலாம் என்கிறார் என் மைத்துனர். அவர் சொல்வது சரிதானா என்று அனுபவம் உள்ளவர்கள் கூறுங்கள்.

மருந்துக்கடை, ஆற்காடு:

உங்கள் மைத்துனர் சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள், நண்பரே. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். இந்த அறுவை செய்துகொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் பழையபடி பான்டோப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை வாங்க என் கடைக்கே வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்டவர்களைப் பத்தாண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்து விசாரித்தபோது, 62 விழுக்காட்டினர் அமிலத்துக்கான மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டிருந்தார்கள். இது 2001-இல் வெளியான ஆய்வு. ஐரோப்பாவில் 11 நாடுகளில் 554 பேரை இரு பிரிவாக்கி ஐந்தாண்டு கவனித்த ஆய்விலும், நோய் அடங்கியிருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 92 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 85. நாளுக்கு ஒரு மாத்திரையில் அடங்கும் நோய்க்காக வயிற்றில் ஐந்து துளை போட்டுக்கொண்டு, பெற்ற தாய் கிளறிய களியைக்கூட விழுங்க முடியாமல் நிற்பது என்ன கணக்கு?

வார்டு அம்மா, சத்துவாச்சாரி:

அறுவைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆற்காட்டு ஐயாவின் கணக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில் தம்பிக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

களி சிக்கிய ஒன்றை வைத்து அறுவை கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. தைத்த இடத்தில் வீக்கம் இருக்கும். புதிதாகப் போர்த்திய இரைப்பை மடிப்பு உணவுக்குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும். இந்த இறுக்கம் பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தளரும். நீங்கள் ஏழாவது வாரத்தில் இருக்கிறீர்கள். அந்தத் தாளை எழுதியவருக்கு மென்மை என்றால் மசித்த உருளைக்கிழங்கு நினைவுக்கு வந்திருக்கும், நமக்குக் களி நினைவுக்கு வருகிறது. களி தொட்டால் மென்மைதான்; ஆனால் நம் வட ஆற்காட்டு மக்கள் அதைப் பல்லில் படவிடாமல் உருண்டையாக அல்லவா உள்ளே தள்ளுகிறோம்? மெல்லாத உருண்டை எச்சிலோடு கலப்பதில்லை, உடைவதில்லை, பசைபோல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிரெட், புரோட்டா, நார் நாரான இறைச்சி ஆகியவையும் இந்த வகைதான். வேலூர்ப் பக்கத்து நோயாளியிடம் களி என்ற சொல்லையே எடுக்காமல் அனுப்பியதை நான் குறையாகவே கருதுகிறேன். எங்கள் காலத்தில் நாங்களும் இதே தவற்றைச் செய்திருக்கிறோம்.

இனி எப்போதாவது சிக்கினால், உண்பதை உடனே நிறுத்திவிட்டு எழுந்து நில்லுங்கள், மெல்ல நடங்கள். மீன்முள் தொண்டையில் மாட்டினால் வெறும் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்வது நம் வீட்டு வழக்கம். அந்த வைத்தியம் இங்கே கூடவே கூடாது, தண்ணீரைக் குடித்துத் தள்ளவும் கூடாது. எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், காய்ச்சலோ கடுமையான நெஞ்சுவலியோ நிற்காத ஓங்கரிப்போ வந்தாலும், இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்காமல் வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சென்ற வாரம் நடந்ததையும் உங்களுக்கு அறுவை செய்த மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள்.

ஐயாவின் 62 விழுக்காடு எத்தனை பேரில் என்று அவர் சொல்லவில்லை. 37 பேரில் 23 பேர். அவர்கள் அனைவரும் 1980-களில், லேப்ராஸ்கோபி முறை வருவதற்கு முன், வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள்.

மருந்துக்கடை, ஆற்காடு:

அம்மா சொன்னது சரி. எண்ணிக்கை சிறியது என்பதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். அப்படியானால் பெரிய எண்ணிக்கைக்கே போவோம். சுவீடனில் லேப்ராஸ்கோபி முறையில் அறுவை செய்துகொண்ட 2,655 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். 17.7 விழுக்காட்டினருக்கு எதுக்களிப்பு திரும்பியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாத்திரைக்குத் திரும்பினார்கள், எஞ்சியவர்கள் இரண்டாம் முறை அறுவைக்குப் போனார்கள்.

என் மனக்குறை வேறு. உணவுக்குழாயின் தசை, உணவைக் கீழே தள்ளும் வலு உள்ளதா என்று மேனோமெட்ரி செய்து பார்த்தார்களா? அமிலம்தான் மேலே வருகிறது என்பதை 24 மணி நேரச் சோதனையில் உறுதி செய்தார்களா? வலு குன்றிய குழாயின் அடியில் முழு வட்டமாக இறுக்கிக் கட்டினால் உணவு எப்படி இறங்கும்? அத்தகையவர்களுக்கு முக்கால் வட்டம் மட்டும் போர்த்தும் டூபே முறை இருக்கிறது, அதில் விழுங்கும் தொல்லை குறைவு. இவற்றைக் கேட்காமல் படுக்கையில் ஏறிவிடுகிறார்கள் என்பதே என் வாதம்.

ரயிலடி, காட்பாடி:

என் தாயாருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே அறுவை நடந்தது. மாத்திரை நல்ல மாத்திரைதான், மறுக்கவில்லை. ஆனால் அது இரைப்பையில் சுரக்கும் அமிலத்தைக் குறைக்கிறதே தவிர, உணவுக்குழாயின் அடியில் பழுதான கதவைச் சாத்துவதில்லை. அமிலம் நீங்கிய நீர் எரிச்சலின்றி மேலே வந்துகொண்டேதான் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு என் தாயார் இருமிக்கொண்டு எழுந்து உட்காருவதும், காலையில் தலையணை உறையில் மஞ்சள் கறை இருப்பதும், இரண்டு வேளை மாத்திரை போட்ட காலத்திலும் நின்றதில்லை.

ஆற்காட்டு ஐயா எடுத்துக்காட்டிய அந்த ஐரோப்பிய ஆய்வையே சற்றுக் கீழே படித்தால், ஐந்தாண்டு முடிவில் எதுக்களிப்பு எஞ்சியிருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 13 விழுக்காடு, அறுவைப் பிரிவில் வெறும் 2. குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்து, நாள் முழுவதும் வயிறு மடங்கக் குனிந்து வேலை செய்கிற ஒருவருக்கு எது தேவை என்பதை இந்த எண்களே சொல்லும்.

மருந்துக்கடை, ஆற்காடு:

அதே பக்கத்தில் விழுங்குவதில் தொல்லை அறுவைப் பிரிவில் 11 விழுக்காடு, மாத்திரைப் பிரிவில் 5 என்றும், வயிற்று உப்புசம் அறுவைப் பிரிவில் 40, மாத்திரைப் பிரிவில் 28 என்றும் போட்டிருப்பதையும் தம்பி படித்திருப்பார் என்று நம்புகிறேன்.

ரயிலடி, காட்பாடி:

படித்தேன் ஐயா, வீட்டிலும் பார்த்தேன். என் தாயாருக்கு இன்றைக்கும் ஏப்பம் சரியாக வருவதில்லை, காற்றெல்லாம் கீழ்வழியாகவே போகிறது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கோலி சோடா ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கல்யாண மண்டபத்தில் வயிறு ஊதி அவர் துடித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இரவில் தூங்குகிறார். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், உப்புசத்தையே வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

இந்த அறுவை முறை பிறந்த விதமும் வியப்பானது. ஜெர்மனியிலிருந்து வெளியேறிய ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் 1936-இல் இஸ்தான்புல்லில் ஒருவருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டி இரைப்பையோடு இணைத்தபோது, தையல் பிரிந்துவிடாமல் இருக்க இரைப்பையையே அதன்மேல் போர்த்தினார். அந்த நோயாளிக்கு எதுக்களிப்பும் இல்லாமல் போயிற்று என்பதைக் கவனித்து, பின்னாளில் அதையே தனி அறுவையாக்கி 1956-இல் வெளியிட்டார்.

குழித்தறி, குடியாத்தம்:

ஆற்காட்டு ஐயா கேட்ட இரண்டு சோதனைகளும் எனக்குச் செய்தார்கள். மூக்கு வழியாகக் குழாயை இறக்கி, படுக்க வைத்து, சிறிது சிறிதாகப் பத்து முறை தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள். தசைக்கு வலு இருக்கிறது என்றார்கள். இன்னொன்றுக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மூக்கில் மெல்லிய கம்பி போன்ற குழாயும் இடுப்பில் சிறு பெட்டியுமாக ஒரு நாள் வெளியே விட்டார்கள். வழக்கம்போல் சாப்பிட்டு நடமாட வேண்டும், எரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்கள். நான் வேலூர்க் கோட்டை அகழி ஓரத்தில் அன்று மாலை வரை உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் எனக்கு ஏதோ பெரிய நோய் என்று ஒதுங்கிப் போனார்கள். அந்த ஒரு நாளில் 11 விழுக்காடு நேரம் அமிலம் மேலே உணவுக்குழாயில் இருந்திருக்கிறது. ஆறு விழுக்காட்டைத் தாண்டினாலே நோய்தானாம்.

அம்மா, தறியில் எப்போது உட்காரலாம்? பாவு சுற்றிய உருளையைத் தூக்கி மாட்ட வேண்டியிருக்கும்.

பிரியாணி வீடு, ஆம்பூர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அடுத்த மாதம் இந்த அறுவை. பிரியாணியை எத்தனை மாதம் மறந்திருக்க வேண்டும் என்பதையும் அம்மா சொல்லிவிட்டால் நலம்.

வார்டு அம்மா, சத்துவாச்சாரி:

ஆம்பூர்த் தம்பி, மூன்று மாதம் அதன் வாசனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகும் இறைச்சியைப் பிய்த்து, கூழாகும்வரை மெல்ல வேண்டும். அறுவை முடிந்து இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும். அது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவது, இதய வலி என்று பயந்துவிடாதீர்கள்.

குடியாத்தம் தம்பி, முதல் ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது பொது விதி. உருளையை இன்னும் ஓரிரு மாதம் வேறு யாராவது மாட்டட்டும். வயிற்றை அழுத்தும் எந்த வேலையும், மலச்சிக்கலில் முக்குவதும் இருமுவதும்கூட, தையலை இழுக்கும். துளை மறுபடி விரிவதற்கு இவை வழி. மருத்துவர் பார்த்துச் சரி என்றால் தறியில் அமரலாம், ஆனால் சாப்பிட்ட உடனே குனியக் கூடாது. களியைப் பன்னிரண்டு வாரம் வரை தொடாதீர்கள். ஆடி மாதமாயிற்றே, தெருவெங்கும் கூழ் ஊற்றுகிறார்கள். மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் போடாமல் குடியுங்கள்.

ரயிலடி, காட்பாடி:

பன்னிரண்டு வாரம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை அம்மா. என் தாயார் எட்டாவது வாரத்திலேயே சிறிது சிறிதாகக் கிள்ளி, மென்று தின்னத் தொடங்கினார், ஒன்றும் ஆகவில்லை. எத்தனை வாரம் என்பதைவிட எப்படித் தின்கிறோம் என்பதே காரியம் என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்.

வார்டு அம்மா, சத்துவாச்சாரி:

உங்கள் தாயாருக்குச் சிக்கியதில்லை. இவருக்கு ஒருமுறை சிக்கியிருக்கிறது. இருவருக்கும் ஒரே கணக்கைப் போட மாட்டேன். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் இதேபோல் நின்றால், எக்ஸ்ரேயில் தெரியும் பேரியக் கரைசலைக் குடிக்க வைத்துப் படம் எடுப்பார்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகப் பலூன் வைத்து விரிப்பார்கள்.

மருந்துக்கடை, ஆற்காடு:

இரண்டு சோதனையும் செய்து, 11 விழுக்காடு காட்டி, தசையும் வலுவாக இருந்தது என்றால், இவருடைய அறுவையை நான் குறை சொல்ல மாட்டேன். சோதனை எதுவும் இல்லாமல், நெஞ்செரிச்சல் என்று சொன்ன மாத்திரத்தில் அறுவைக்கு நாள் குறிப்பதைப் பற்றி நான் சொன்னதில் ஓர் எழுத்தையும் திரும்பப் பெறவில்லை. நண்பரே, வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். நான்கைந்து கிலோ குறைவது வழக்கம், அதற்கு மேல் இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு எரிவதுபோல் தோன்றினால் பழைய அட்டையைத் தேடி எடுத்து நீங்களாகவே மாத்திரையைத் தொடங்க வேண்டாம். மாத்திரை விற்பவனே சொல்கிறேன்.

குழித்தறி, குடியாத்தம்:

நேற்று மருத்துவரிடம் போய் வந்தேன். மூன்று கிலோதான் குறைந்திருக்கிறது. நடந்ததைக் கேட்டுவிட்டு, களி என்றால் என்ன என்று விசாரித்தார். அவர் வேறு மாநிலத்துக்காரர். உருண்டையின் அளவை விரலால் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தத் தாளின் ஓரத்தில் களி என்று ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டார். பத்தாவது வாரத்தில் மென்று தின்று பார்க்கலாம் என்றார். வார்டு அம்மாவுக்கும் காட்பாடித் தம்பிக்கும் நடுவில் நிற்கிறது.

வீட்டில் சொன்னபோது என் தாயார் நம்பவில்லை. தன் எழுபத்தைந்து வயது வரை, களியை மென்று தின்ற மனிதனைத் தான் பார்த்ததே இல்லையாம். இன்று அனைவருக்கும் களி கிளறிவிட்டு, எனக்கு மட்டும் அதே மாவில் கூழ் கரைத்து, இரண்டு முறை வடிகட்டிச் சொம்பில் வைத்திருக்கிறார்.