முதல் நரம்புக்கு மணம், எட்டாம் நரம்புக்கு இசைக்கவை: உதவி தேவை

வணக்கம். காரைக்குடியில் செவிலியர் மாணவர்களுக்கு 12 மூளை நரம்புகளையும் சோதித்துக் காட்டப் பொருள் சேர்க்கிறோம். மணம் அறியும் முதல் நரம்புக்கு எந்த மணம் வைக்கலாம்? தைலம், கற்பூரம் வேண்டாம். அந்தக் காரம் முகம், மூக்கின் தொடுவுணர்வுக்கான ஐந்தாம் நரம்பைச் சீண்டும், மணமே தெரியாதவரும் "ஏதோ ஏறுது" என்பார். காப்பித்தூள், ஏலக்காய் தயார். கல்பாசி நம்ம அடுப்படிக்குப் பழக்கம்தான், ஆனால் பெயர் சொல்லத் திணறுவார்களோ? கண்ணை மூடச் சொல்லி, நாசி ஒவ்வொன்றாகத்தான் பார்ப்போம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுவோம்.

இன்னொன்று, கேட்டலுக்கான எட்டாம் நரம்பைப் பார்க்க 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை, tuning fork) இரவல் கிடைக்குமா? கையில் இருப்பது 128. அது அதிர்வுணர்வு பார்க்கத்தான் சரி. காதுக்குப் பின் எலும்பில் வைத்தால், ஒலி கேட்டுச் சொல்கிறாரா, அதிர்வு பட்டுச் சொல்கிறாரா என்று பிரியாது. தேவகோட்டை, புதுவயல் பக்கம் யாரிடமாவது இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்கிறோம்.