‘செய்திருக்க வேண்டும்’ என்பதை இங்கிலீஷில் எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

மூணாவது ஷிஃப்ட்:
மூன்று வருஷம் ஆகிறது, அந்த மெயில் இன்னும் உறுத்துகிறது. சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு ஆர்.சி.ஏ. (கோளாறு ஏன் வந்தது என்று கிளையன்ட்டுக்கு எழுதும் அறிக்கை) பற்றி விளக்க வேண்டியதில்லை. ராத்திரி 2.45-க்கு சர்வீஸ் படுத்தது, பதினோரு நிமிஷத்தில் எழுந்துவிட்டது. எழுப்பியது யார் என்று லாகில் இல்லை. ஷிஃப்டில் இருந்த நண்பன்தான் ரீஸ்டார்ட் பண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கலாம் என்றால் அவன் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டான். ஒன்பது மணிக்கு கிளையன்ட் கால். அவசரத்தில் எழுதினேன்: ‘தி ஆபரேட்டர் ஷுட் ஹேவ் ரீஸ்டார்ட்டட் தி சர்வீஸ்.’

அந்த போன் காலில் கிளையன்ட் பக்கத்து அம்மா சத்தமே உயராமல் கேட்டார்: ‘ஸோ, வொய் டிட்ன்ட் ஹீ?’

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவன் செய்தான் என்று நான் எழுதியிருக்கிறேன், ஏன் செய்யவில்லை என்று கேட்கிறாரே! மேனேஜர் மியூட் போட்டுவிட்டு, “அவனை நீயே மாட்டிவிட்டியேப்பா” என்றார். ‘மஸ்ட் ஹேவ்’ என்று போட்டிருக்க வேண்டிய இடம். நான் போட்டதற்கு, ‘அவன் செய்திருக்க வேண்டியவன், செய்யவில்லை’ என்று அர்த்தம். தமிழில் ரெண்டுக்கும் ஒரே ‘வேண்டும்’தானே, அதுதான் காலை வாரிவிட்டது. மறுபடி விளக்கி மெயில் போட்டேன். ஆனால் எஸ்கலேஷன் லிஸ்டில், அதாவது மேலிடத்துக்குப் போகும் புகார்ப் பட்டியலில், நண்பன் பெயர் ஏறிவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். அதற்கப்புறம் ஒரு மெயிலையும் என்னிடம் சரிபார்க்கத் தந்ததில்லை.

குளிர்நாட்டு நர்ஸ்:
எனக்கு நடந்தது போனில். பிரிட்டனுக்கு வந்து நாலாவது மாதம், நைட் டியூட்டி. எண்பது தாண்டிய தாத்தா ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். எப்படி அங்கே வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை, அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் வேறு. டாக்டரைக் கூப்பிட்டு ‘ஹீ குட் ஹேவ் ஹிட் ஹிஸ் ஹெட்’ என்றேன். தலையில் அடிபட்டிருக்கலாம், வந்து பாருங்கள் என்று என் நினைப்பு. அவர் ‘யெஸ், லக்கி’ என்று சொல்லி போனை வைக்கப் போனார்.

லக்கியா? அடிபட்டிருக்கும், நல்லவேளை படவில்லை என்று எடுத்துக்கொண்டார். ‘நோ நோ டாக்டர், ஐ டோன்ட் நோ!’ என்று கத்தியேவிட்டேன். வந்தார், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் ‘மே ஹேவ்’தான் சொல்கிறேன். கூடவே ‘நோபடி சா இட்’ என்று ஒரு வாலும் சேர்த்துவிடுவேன்.

செமிகோலன்:
@மூணாவது ஷிஃப்ட், தமிழ்மேல் பழி போடாதீர்கள். ‘ரீஸ்டார்ட் பண்ணியிருப்பான்’ என்று சொன்னால் ஊகம் மட்டும்தான், குறையே வராது. அந்த ‘-இருப்பான்’ நம்மிடம் எப்போதும் உண்டு, நீங்கள் ‘வேண்டும்’ பக்கம் போனதுதான் வினை. இன்னொன்று, நம் துறை ஆட்களுக்கு இந்தச் சொற்களைப் பார்த்தாலே விதிதான் ஞாபகம் வரும். இன்டர்நெட் தரநிலை ஆவணங்களில் இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 2119 (1997) படித்து வளர்ந்தவர்கள் நாம்: மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் தகுந்த காரணம் இல்லாமல் மீறாதே, மே என்றால் உன் இஷ்டம். அதில் ஊகத்துக்கு இடமே இல்லை. அந்தக் கண்ணோடு படிக்கிறவரிடம் ‘ஷுட் ஹேவ்’ என்றால் ‘ஏன் மீறினான்’ என்றுதான் கேட்பார்.

ரிட்டயர்டு வாத்தியார்:
எனக்கும் ஒன்று உண்டு. வினாத்தாள் கட்டு பற்றிய குறிப்பில் ‘மஸ்ட் நாட் ஹேவ் பீன் ஓப்பன்ட்’ என்று எழுதினேன், மேலதிகாரி அதைச் சுழித்து ‘கான்ட் ஹேவ்’ என்று சிவப்பு மையில் திருத்தினார். அவ்வளவுதான்.

ஆனால் தம்பிகளே, அடிப்படையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடந்து முடிந்ததற்குக் காரணம் சொல்லும்போது கையில் தடயம் இருந்தால் ‘மஸ்ட் ஹேவ்’. தரை ஈரமாக இருக்கிறது, மழை பெய்திருக்கும். வாய்ப்பே இல்லை என்றால் ‘கான்ட் ஹேவ்’. ரெண்டும் இல்லாமல் நடுவில் நின்றால் மே, மைட், குட். இதில் ‘குட் ஹேவ்’வும் ‘மைட் ஹேவ்’வும் ரெட்டை வேஷம் போடும், ‘நடக்க இருந்தது, நடக்கவில்லை’ என்றும் பேசும். நர்ஸம்மா மாட்டியது அங்கேதான். ‘ஷுட் ஹேவ்’ கூட எல்லா இடத்திலும் குற்றம் சாட்டாது. ‘ரயில் இந்நேரம் மதுரை போயிருக்கணும்’ என்ற எதிர்பார்ப்புக்கும் அது சரி. ஆளைப் பற்றி எழுதும்போதுதான் கடிக்கும். அப்புறம் ‘திஸ் எரர் கேன் பி டியூ டு நெட்வொர்க்’ என்று எழுதுகிறீர்களே, அது பொதுவாக அப்படி நடப்பதுண்டு என்று சொல்வது. இன்றைக்கு வந்த இந்த எரருக்கு ‘மே’ அல்லது ‘குட்’ போடுங்கள். பின்விளைவைச் சொல்வதிலும் இதே நுணுக்கம்தான். அமெரிக்க சிகரெட் பெட்டியில் 1966-ல் அச்சிட்ட முதல் எச்சரிக்கை, புகைப்பது உடம்புக்குக் கேடாக இருக்கலாம் என்று ‘மே பி’ போட்டது. 1970-ல் வந்த சட்டம் அந்த ‘மே’யை எடுத்துவிட்டு ‘இஸ்’ என்றே எழுதச் சொன்னது. ஒரு சொல்லை மாற்றச் சட்டம் போட வேண்டியிருந்தது! கோச்சிங் சென்டர்களில் மஸ்ட் 95 சதவீதம், மே 50, மைட் 30 என்று அட்டவணை போட்டு விற்கிறார்கள், அதை நம்பாதீர்கள். மேலும் ‘வுட்’ பற்றி

மூணாவது ஷிஃப்ட்:
சார், நான் பாடம் கேட்கவில்லை, கதைதான் கேட்டேன். ‘வுட்’டுக்குத் தனித் திரி போடுங்கள், கட்டாயம் வருகிறேன். @செமிகோலன், ‘-இருப்பான்’ பாயிண்ட் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். காலை எட்டே முக்காலுக்கு அது தோன்றவில்லை.

அரை ஆய்வாளர்:
ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் எனக்கு. அரிமானம் (உலோகம் அரித்துப்போவது) பற்றிய அத்தியாயத்தில் ‘திஸ் வில் காஸ் க்ராக்கிங்’ என்று எழுதியிருந்தேன். வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, விரலை ‘வில்’ மேல் வைத்து, “பார்த்தீர்களா?” என்றார். பார்க்கவில்லை. எண்பது நாள்தான் உப்புத்தண்ணீரில் போட்டிருந்தேன், ஒரு விரிசல்கூட வரவில்லை. ‘குட்’ என்று மாற்றிக் கொடுத்தேன். அவர் விரலை எடுக்கும் வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகம் இல்லை.

நாலாவது மாடி:
இந்தத் திரியைப் படித்து முடிப்பதற்குள் எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் செயலாளர் போட்ட மெசேஜ்: ‘டேங்க் ஓவர்ஃப்ளோ. வாட்ச்மேன் ஷுட் ஹேவ் க்ளோஸ்ட் தி வால்வ்.’ பாதிப் பேர் வாட்ச்மேனைத் திட்டுகிறார்கள், மீதிப் பேர் அவருக்கு நன்றி சொல்லிக் கைகூப்புகிறார்கள். எண்பது மெசேஜ் ஓடிவிட்டது. தண்ணீர் இன்னும் கொட்டுகிற சத்தம் கேட்கிறது, இருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.