மகள் பரோக் பாட்டுப் படிக்கப் போகிறாளாம்: பிழைப்பு ஓடுமா?

பாசல்வாசி:
வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாசலில் குடியேறிய குடும்பம் நாங்கள். மகள் இந்த ஆண்டு பள்ளியை முடிக்கிறாள். சின்ன வயதில் இங்கேயே ஓர் ஆசிரியையிடம் கர்நாடக சங்கீதம் படித்தாள். பிறகு பள்ளிப் பாடகர் குழுவில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பாட்டுகளைப் பாடிப் பாடி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். இப்போது இங்கே பழைய இசைக்கென்றே இருக்கும் ஸ்கோலா கன்டோரும் பசிலியென்சிஸ் பள்ளியில் சேர வேண்டும் என்கிறாள். பரோக் எனப்படும் 1600, 1700-களின் இசை மட்டும் போதுமாம். பெரிய ஒபரா மேடை வேண்டாமாம். அவளுக்கு அதிர்வு குறைந்த, தெளிவான சொப்ரானோ (உச்சப் பெண்குரல்) என்று பாட்டு ஆசிரியை சொல்கிறார். கணவருக்கு ஒரே கேள்வி: மாதச் சம்பளம் யார் தருவார்கள்? எனக்கும் அதே கேள்விதான். மகள் முன்னால் கேட்பதில்லை, அவ்வளவே. துறையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தந்திக்காரன்:
அக்கா, அண்ணாவின் கேள்விக்கு முதலில் பதில்: யாரும் தரமாட்டார்கள். நான் நெதர்லாந்தின் ஹேக்கில் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) வாசிக்கிறேன். சிம்பொனி இசைக்குழுவில் இடம் கிடைத்தால் ஓய்வூதியம் வரை ஒரே கதிரை. எங்களுக்கு அப்படிப்பட்ட கதிரை அநேகமாக இல்லை. ஒரு நிகழ்ச்சிக்காகக் குழு கூடும், சில நாள் ஒத்திகை, நாலைந்து ஊர்களில் கச்சேரி, பிறகு கலைந்துவிடும். இசைத்தட்டின் அட்டையில் பெயர் வருபவர்களில் பலரும் அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பவர்கள்தான்.

இது நேற்று வந்த நிலைமை அல்ல. பழைய இசையின் முன்னோடி நிக்கோலாஸ் ஹார்னோன்கூர் 1953-இல் வியன்னாவில் கொன்சென்டஸ் மூசிக்கஸ் குழுவைத் தொடங்கினார். அது மேடையேறியது 1957-இல். சோறு போட்டது வியன்னா சிம்பொனியில் அவர் வாசித்த செல்லோ. 1952-இல் சேர்ந்தவர் 1969 வரை அந்த வேலையை விடவில்லை. பாடகி எம்மா கிர்க்பி ஆக்ஸ்ஃபர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பெல்ஜியத்தின் இசைக்குழு நடத்துநர் ஃபிலிப் ஹெரவேகே மருத்துவம் படித்தவர், அதிலும் மனநல மருத்துவம். அந்தத் தலைமுறையில் பலருக்கும் வீட்டில் இன்னோர் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பணம் வருவது பருவம் பார்த்து. ஈஸ்டருக்கு முந்தைய வாரங்கள்தான் எங்கள் அறுவடை. நெதர்லாந்தில் இயேசுவின் பாடுகளைப் பாட்டாகச் சொல்லும் பாக்கின் மத்தேயு பாஷன் ஒரு தேசியக் காய்ச்சல். சிற்றூர்ப் பாடகர் குழுக்கள்கூட அதைப் பாடியே தீருவோம் என்று நிற்கும். பாடுபவர்கள் ஊர்க்காரர்கள், ஆனால் வாத்தியக்காரர்களையும் தனிப்பாடகர்களையும் கூலிக்கு அழைக்க வேண்டும். என் வேனுக்கான தவணையை அடைப்பது அந்த வாரங்கள்தான். (வேன் எதற்கு என்றால், ஹார்ப்சிகார்டை நானே ஏற்றிப் போய், நானே இறக்கி, நானே சுருதி கூட்ட வேண்டும். இடைவேளையில் மற்றவர்கள் கோப்பி குடிப்பார்கள், நான் சாவியைத் திருகிக்கொண்டிருப்பேன்.) டிசம்பரில் ஹாண்டலின் மெசையாவும் பாக்கின் கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோவும். கோடை முடிவில் உட்ரெக்ட் பழைய இசை விழா, 1982 முதல் நடக்கிறது. ஜனவரி முழுவதும் தொலைபேசி சும்மா கிடக்கும்.

மகளுக்கு உள்ள சிக்கல் குரல்வகை. சொப்ரானோக்கள் நிறையப் பேர். நல்ல டெனர் (உயர்ந்த ஆண்குரல்) ஒருவருக்கு, அதுவும் பாஷனில் கதை சொல்லும் சுவிசேஷகர் பாகம் பாடத் தெரிந்தவருக்கு, பங்குனி மாதத்தில் தூங்கவே நேரம் இராது. சொப்ரானோவைக் குரல் அழகுக்காக மட்டும் யாரும் திரும்ப அழைப்பதில்லை. தாளைப் பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும். இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் குரலோடு கலக்க வேண்டும்.

இன்னொன்று, சுருதி. இன்றைய இசைக்குழுக்களின் 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக எங்களுக்குப் பெரும்பாலும் 415, அதாவது ஏறத்தாழ அரைச்சுரம் கீழே. பிரெஞ்சு இசைக்கு 392. பழைய இத்தாலிய இசைக்குச் சில நேரம் 465. ஒவ்வொரு சுரமும் இந்த உயரத்தில்தான் என்று காதில் பதிந்துபோன சிலர் இதில் தவித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். சுருதியை எங்கே வைத்தாலும் அதுவே ஸ என்று வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய சங்கடமாக இராது. கமகம் வரும் என்பதால் பரோக் அலங்காரமும் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வேறு இலக்கணம், புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

யோர்க்சாந்தி:
இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு திருத்தம். மாதச் சம்பளம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பேராலயங்களில் லே கிளார்க் என்ற பதவி உண்டு. வாரத்தில் பல நாள் மாலை வழிபாட்டில் பாட வேண்டும். பேர்டு, டாலிஸ் போன்ற பழைய ஆங்கில இசையமைப்பாளர்கள் எல்லாம் அங்கே அன்றாடச் சாப்பாடு. உச்ச ஆண்குரல் பாடகர் ஆல்ஃபிரட் டெல்லர் கேன்டர்பரி பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் அவரைக் கண்டெடுத்தார். ஆனால் அந்தச் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்துபவரை நான் பார்த்ததில்லை. அது நெடுங்காலம் ஆண்களின் இடமாகவும் இருந்தது. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயம் நிரந்தரப் பாடகராக ஒரு பெண்ணை முதன்முதலில் எடுத்ததே 2017-இல்தான், அதுவும் ஆல்ட்டோ (சொப்ரானோவுக்குக் கீழுள்ள குரல்). சொப்ரானோ வரி அங்கே இன்னும் சிறுவர் சிறுமியருடையது.

ஒரு பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு எங்களுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான். உங்கள் மகளிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தால் அந்தத் தலைவலி கிடையாது.

பாசல்வாசி:
இருவருக்கும் நன்றி. கடவுச்சீட்டு இருக்கிறது. தம்பி, இவ்வளவு சொன்ன பிறகு நேராகக் கேட்கிறேன்: வேண்டாம் என்கிறீர்களா? கணவர் ஆசிரியப் பயிற்சியையும் சேர்த்துப் படிக்கட்டும் என்கிறார். மகளுக்கு அது தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது போல் இருக்கிறதாம்.

தந்திக்காரன்:
வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. அண்ணா சொல்வதுதான் சரி. பாட்டுச் சொல்லிக்கொடுப்பது இந்தத் துறையில் தோற்றவர் வேலை அல்ல, பெரும்பாலானவர்களின் பாதி வருமானம். நானும் வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஸ்கோலாவில் இடம் கிடைத்தால் விடவே கூடாது. 1933-இல் பவுல் சாகர் தொடங்கிய பள்ளி அது. பாடத்தைவிடப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் முக்கியம், ஏனென்றால் பின்னாளில் உங்களை வேலைக்கு அழைக்கப்போகிறவர் அவர்தான். ஜோர்டி சவாலும் மொன்செராட் ஃபிகேராஸும் ஹொப்கின்சன் ஸ்மித்தும் ஹெஸ்பேரியன் என்ற பழைய இசைக் குழுவைத் தொடங்கியது 1974-இல், உங்கள் ஊரில்தான். பாடகர் ஆண்ட்ரியாஸ் ஷோல் படித்ததும் ஸ்கோலாவில்தான். வீட்டிலிருந்து டிராமில் போய்ப் படிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய மிச்சம் என்று ஹேக்கில் வாடகை கொடுப்பவனுக்குத்தான் தெரியும்.

விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் தனியாக ஒரு வகுப்புக் கேட்டுப் பாடிக்காட்டட்டும். விசைப்பலகையை இப்போதே தொடங்கட்டும். பாஸ் வரியின் (அடித்தளக் கீழ்வரி) மேல் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துத் தனக்குத்தானே துணை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் எளிதாகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை ட்ரோகன் தேவாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். சங்க்ட் காலன் பாக் அறக்கட்டளை 2006 முதல் மாதம் ஒரு கன்டாட்டா (தேவாலயப் பாட்டுத் தொகுப்பு) வீதம் அங்கே நடத்தி வருகிறது. கச்சேரி முடிந்ததும் பாடியவர்களிடம் வேறு என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று அவளே கேட்கட்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. ஒரு குழு, பெயர் வேண்டாம், எனக்குக் கச்சேரி முடிந்து அரை வருடம் கழித்துப் பணம் அனுப்பியது. அதனால் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் பணம் எப்போது வரும், ஏ.எச்.வி. (சுவிஸ் முதியோர் ஓய்வூதியக் காப்புறுதி) பணத்தைக் குழு கட்டுகிறதா அல்லது சுயதொழில் என்று தன் தலையில் விழுகிறதா என்று பாடும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். பலர் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை.