புதுப்பிப்பு: நெய்யாறு போய் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டேன்

நாரி (இடுப்பு) நோவோடு யோகா முகாமுக்குப் போகலாமா, ரிஷிகேஷா கேரளமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. திருவனந்தபுரத்துக்கு அப்பால் நெய்யாறு அணைக்கட்டருகே உள்ள சிவானந்த ஆச்சிரமத்தைத் தெரிவுசெய்தேன். தூரம் ஒரு காரணம்: பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், பிறகு இரவு ரயில். குறுகிய யோகப் பயிற்சிக்கு இந்திய மின்-சுற்றுலா விசாவே போதும். வேறு விசா வேண்டுமென்று கூறிப் பணம் கேட்ட முகவரை நம்பாதது நல்லதாயிற்று.

இது ஓய்வு விடுதி அல்ல. காலை 6 மணிக்குத் தியானமும் பஜனையும், நாளுக்கு இரண்டு ஆசன வகுப்புகள், இரண்டே வேளை சைவ உணவு, எல்லோருக்கும் ஏதாவது ஒரு தொண்டு. எனக்குக் கிடைத்தது முற்றம் கூட்டுதல். முதல் மூன்று நாளும் பசி வாட்டியது. தேநீர் இல்லாமல் தலை இடித்தது. நான்காம் நாள் உடம்பு இசைந்துவிட்டது.

அங்கு கற்பிக்கும் 12 அடிப்படை ஆசனங்களில் தலைகீழாக நிற்கும் சிரசாசனமே முதலாவது. நான் அதைச் செய்யவில்லை. நோவைச் சொன்னதும் ஆசிரியை முன்வளைவுகளையும் குறைத்தார். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து மறைக்காதீர்கள்! நோவு முற்றாகப் போகவில்லை. ஆனால் காலையில் கட்டிலைப் பிடிக்காமல் எழுகிறேன்.

நீரிழிவு உள்ள அக்கா ஒருவர் வர விரும்புவதாக எழுதியிருந்தார். அக்கா, உணவு காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும்தான். மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.