பிளாஸ்த் உடை: சீருடையா, ஓரணியா?

நண்பர்களே, கொஞ்சம் அவசரம். உக்ரைனின் பிளாஸ்த் சாரணர் இயக்கம் பற்றிய சிறுவர் நூலை மொழிபெயர்க்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. தங்கள் உடையை அவர்கள் ‘ஒத்னொஸ்த்ரீய்’ என்கிறார்கள். ‘சீருடை’ என்று எழுதினால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. 1912 ஏப்ரல் 12 அன்று லிவீவ் நகரில் முதல் உறுதிமொழி எடுத்த இயக்கம் இது. 1930இல், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட போலந்து அரசு தடை செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் அகதி முகாம்களில் இதே உடையைப் போட்டுக்கொண்டுதான் மறுபடி கூடினார்கள். அந்தக் கனம் ‘சீருடை’யில் வருமா?
– நி.

‘ஒத்ன்’ என்றால் ஒன்று. ‘ஸ்த்ரீய்’ என்றால் உடை. வரிசைகட்டி நிற்பதற்கும் அதே சொல்தான். தமிழில் இந்த இரண்டையும் சுமக்கும் சொல் ‘அணி’. உடை அணிகிறோம், அணிவகுத்து நிற்கிறோம். ஆகவே ‘ஓரணி’. வேறு தேட வேண்டாம்.
– க.மு.

ஐயா, ‘ஓரணி’ என்றால் தேர்தல் செய்தி என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். சீருடைக்கு என்ன குறைச்சல்? யாப்பில் அசைகள் சேர்ந்தால் சீர். சின்னச் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே நடையில் போவதற்கு வேறென்ன சொல் வேண்டும்?
– வ.

இரண்டையும் சேர்த்து ‘சீரணி’ எனலாமே?
– தே.

தம்பி, அது அண்ணா காலத்துத் தொண்டர் படையின் பெயர். மெரினாவில் அரங்கமே இருந்தது. அது கிடக்கட்டும், முதலில் ‘சாரணர்’ சரியா என்று பாருங்கள். சிலம்பில் நாடுகாண் காதையில் வரும் சாரணர் வானில் இயங்கும் சமண முனிவர். இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த ‘பிளாஸ்துன்’ கொசாக் படையின் வேவுக்காரர். நாணல் புதரில் நிலத்தோடு ஒட்டிப் படுத்து ஊர்பவர். ஆகாயத்தில் போகிறவர் எங்கே, வயிற்றால் ஊர்கிறவர் எங்கே! ‘ஒற்று’ என்பதற்கு வேவு என்றும் பொருள், அழுந்தப் பொருந்துவது என்றும் பொருள். வள்ளுவரும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ‘ஒற்றர்’ என்பதே பொருத்தம்.
– க.மு.

எட்டு வயதுப் பிள்ளையை ஒற்றர் என்று அச்சடித்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் ஐயா.
– வ.

சரி, பெரும்பாலோர் சீருடைக்கு, ஒருவர் ஓரணிக்கு. உள்ளே எல்லா இடத்திலும் ‘சீருடை’ போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஒத்னொஸ்த்ரீய்’ என்று எழுதி, உடைக்கும் அணிவகுப்புக்கும் அது பொது என்று ஒரு வரி விளக்கம் தருகிறேன். அனைவருக்கும் நன்றி.
– நி.

அந்த ஒரு வரி விளக்கத்தைத்தான் நான் ஒரே சொல்லில் சொன்னேன். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.
– க.மு.

அப்புறம் ஒரு சந்தேகம். அவர்கள் சின்னத்தில் லில்லிப் பூவோடு மூன்று முனை கொண்ட ‘த்ரிசூப்’ பின்னியிருக்கிறதே, அதைத் திரிசூலம் என்று எழுதினால் கோயில் வாடை அடிக்காதா?
– தே.