க்ளாப்ஹாம் சவுத் வட்டக் கட்டடம்: பதுங்கு குழியா, ரயில் வர வேண்டிய சுரங்கமா?

டூட்டிங் பயணி

வணக்கம். மூணு வருஷமா லண்டன்ல டூட்டிங்கிலிருந்து நார்தர்ன் லைன் சுரங்க ரயில்லதான் வேலைக்குப் போறேன். போன வாரம் ரயில் நின்னுபோச்சுன்னு க்ளாப்ஹாம் சவுத்ல இறங்கி நடந்தேன். புல்வெளி ஓரமா ஜன்னலே இல்லாம, உருளை மாதிரி ஒரு கட்டடம். தண்ணித் தொட்டின்னு நினைச்சேன். ஆபீஸ்ல ஒருத்தர் அது உலகப் போர் பதுங்கு குழிங்கறார், இன்னொருத்தர் கட்டாம விட்ட ரயில் பாதைங்கறார். எது சரி? உள்ளே போக முடியுமா?

சுரங்கப்பிரியன்

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். 1940 கடைசியில், குண்டுவீச்சிலிருந்து மக்கள் ஒதுங்க, சுரங்க ரயில் ஸ்டேஷன்களுக்குக் கீழே ஆழ்நிலைக் காப்பிடங்கள் கட்ட அரசு முடிவெடுத்தது. நீங்கள் பார்த்த உருளை அப்படி ஒரு காப்பிடத்தின் மேல்வாசல். பத்து திட்டமிட்டு எட்டுதான் முடிந்தது. ஓவலில் தண்ணீர் ஊறியது. செயின்ட் பால்ஸில் தேவாலய அஸ்திவாரத்துக்கு ஆபத்து என்று கைவிட்டார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். க்ளாப்ஹாம் சவுத், க்ளாப்ஹாம் காமன், க்ளாப்ஹாம் நார்த், ஸ்டாக்வெல் என்று நாலும் வரிசையாக அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். வடக்கே குட்ஜ் ஸ்ட்ரீட், கேம்டன் டவுன், பெல்சைஸ் பார்க். போர் முடிந்ததும் இவற்றை இணைத்து, நார்தர்ன் லைனுக்குக் கீழேயே ஒரு விரைவு ரயில் பாதை விடுவதாகத்தான் எண்ணம். சுரங்க ரயில்களை நடத்திய லண்டன் டிரான்ஸ்போர்ட்டுக்கு அவற்றை எடுத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தது. அதனால்தான் விட்டம் 16 அடி 6 அங்குலம். நாம் தினமும் போகும் ட்யூப் சுரங்கம் கிட்டத்தட்ட 12 அடிதான். ஒவ்வொரு காப்பிடத்திலும் இப்படி இரண்டு சுரங்கம், ஏறக்குறைய 400 மீட்டர் நீளம், நடுவில் தளம் போட்டு மேல் கீழ் என்று இரண்டு மாடி. 8,000 பேர் படுக்கலாம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு: ரயிலுக்காகத் தோண்டி, போரில் வேறு வேலைக்குப் போன சுரங்கங்கள். சென்ட்ரல் லைன் நீட்டிப்பில், கேன்ட்ஸ் ஹில் பக்கம், பிளெஸ்ஸி கம்பெனி சுரங்கத்துக்குள்ளேயே விமான உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தியது.

கோண்டாவில் அக்கா

தம்பி, உள்ளுக்க போகலாம். லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் கூட்டிக்கொண்டு போறவை. முதலே டிக்கெட் எடுக்கவேணும். நான் என்ர மகனோட போனனான். ஏறக்குறைய 180 படி. லிஃப்ட் எண்டு நம்பிப் போகாதேங்கோ.

கீழ மூண்டடுக்குக் கட்டில்கள் இன்னும் நிக்குது. 16 பிரிவு, ஒவ்வொண்டுக்கும் கடற்படைத் தளபதிமாரின்ர பேர், அகரவரிசையில: டிரேக், ஜெல்லிக்கோ, நெல்சன்... இருட்டுக்குள்ள நித்திரைத் தூக்கத்தில வாற பிள்ளையும் தன்ர இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பாக்கேக்க தலைக்கு மேல ஒரு உறுமல். மகன் என்ர கையைப் பிடிச்சிட்டான். பிறகுதான் விளங்கினது, அது நாங்கள் ஒவ்வொரு நாளும் போற நார்தர்ன் லைன் ரயில்.

எனக்கு அந்தச் சத்தம் வேற மாதிரிக் கேட்டது. 90-ல எங்கட வளவில ஐயா பங்கர் வெட்டினவர். பனங்குத்தி பரப்பி, மேல மண்மூட்டை. மாரி வந்தா முழங்கால் மட்டும் தண்ணி. நாங்கள் அதுக்குள்ளதான் நிண்டனாங்கள். க்ளாப்ஹாமில நான் கனநேரம் நிண்டு பாத்தது கக்கூசைத்தான். சாக்கடைக் குழாயை விடக் கீழ இருக்கிறபடியால், கழிவைத் தொட்டியில சேத்து, அழுத்தின காத்தால மேல தள்ளியிருக்கினம். ஆக்களைப் பற்றி ஆரோ யோசிச்சுக் கட்டினது.

ஆனா ஒண்டு மனசை அறுக்குது. அடுத்த ஸ்டேஷன் பால்ஹாம். 1940 ஒக்டோபர் 14 இரவு ரோட்டில குண்டு விழுந்து, குழாயள் உடைஞ்சு, கீழ பிளாட்ஃபாரத்தில ஒதுங்கியிருந்த சனத்துக்கு மேல மண்ணும் தண்ணியும் இறங்கி 60 பேருக்கு மேல செத்தவை. இந்தக் காப்பிடங்கள் கட்டி முடிஞ்சது 1942-ல. சனத்துக்குத் திறந்தது 1944 ஜூலையில, ஜெர்மன்காரரின்ர ஆளில்லாப் பறக்கும் குண்டு வரத்தொடங்கின பிறகு. பால்ஹாம் சனத்துக்கு இது கிடைக்கவே இல்லை.

டூட்டிங் பயணி

அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். நன்றி. சுரங்கப்பிரியன், அப்புறம் ஏன் அந்த விரைவு ரயில் வரவே இல்ல?

சுரங்கப்பிரியன்

போருக்குப் பிறகு பணம் இல்லை. சிதைந்த வீடுகளையும் தேய்ந்த பாதைகளையும் சரி செய்யவே திணறினார்கள். சுரங்கங்களை இணைக்கும் வேலை தொடங்கவே இல்லை. எட்டாவதான, சென்ட்ரல் லைனில் இருக்கும் சான்சரி லேன் காப்பிடம் தொலைபேசி நிலையமாகி, 1956-ல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கேபிளின் லண்டன் முனை ஆனது. க்ளாப்ஹாம் காமனில் பின்னாளில் எல்.இ.டி. வெளிச்சத்தில் கீரை வளர்த்தார்கள்.

கோண்டாவில் அக்கா

க்ளாப்ஹாம் சவுத்தில நடந்ததையும் எழுதவேணும். 1948 ஜூனில விண்ட்ரஷ் கப்பலில ஜமேக்காவில இருந்தும் மற்றத் தீவுகளில இருந்தும் வந்த சனத்தில, தங்க இடமில்லாத 200 பேருக்கு மேல அந்தக் கட்டில்களிலதான் படுத்தவை. கிட்ட இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டன் கோல்ட்ஹார்பர் லேனில. அங்க வேலை தேடிப் போய், அந்தப் பக்கமே வீடெடுத்து இருந்திட்டினம். நான் வந்த புதுசில டூட்டிங்கில ஒரு அறையில ஆறு பேர் படுத்தனாங்கள், அதால எனக்கு அது தெரியும்.

முழங்கால் வருத்தம் உள்ள ஆரையும் கூட்டிப்போறதெண்டா ஸ்டாக்வெல்லுக்குப் போங்கோ. அங்க உருளைக் கட்டடத்தில சுவரோவியம் கீறியிருக்கு, உலகப் போரில பிரிட்டனுக்கு உளவாளியா இருந்த வயலட் சாபோவின்ர முகமும் இருக்கு. ஸ்டேஷனில இருந்து ரோட்டைக் கடந்தாச் சரி, படி ஒண்டும் இறங்கத் தேவையில்லை.