ஐந்து வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல், என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை, பில் மட்டும் ஏறுகிறது

யானைமலை நிழல்

ஒத்தக்கடையில் இருக்கிறேன். வீட்டில் செவலை என்று ஒரு நாய், சிப்பிப்பாறைக் கலப்பு, பெட்டை, நாலு வயது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. எல்லோரும் ஆற்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் வைத்த சோறு அப்படியே கிடந்தது. வெயில் தாங்கவில்லை போல என்று விட்டுவிட்டோம். மறுநாள் உடம்பு கொதித்தது, டாக்டர் பார்த்தபோது 104.

ஊசி போட்டால் மூன்று நாள் நன்றாக இருக்கிறாள், ஓடுகிறாள், சாப்பிடுகிறாள். நாலாவது நாள் மறுபடி சுருண்டு படுத்துக்கொள்கிறாள். இதுவரை மூன்று டாக்டர் பார்த்தாயிற்று. ஒருவர் ஈரல் என்றார், ஒருவர் வைரஸ் என்றார், கடைசியாகப் பார்த்தவர் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஆனால் ரத்தத்தைக் கண்ணாடிச் சிலைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை என்றார். ரத்தம் இரண்டு முறை, எக்ஸ்ரே ஒன்று, வயிற்று ஸ்கேன் ஒன்று. பிளேட்லெட் 92,000, ஹீமோகுளோபின் 8.6. 19 கிலோ இருந்தவள் இப்போது 15.5.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறேன், அதனால் ஒரு பில்லையும் தொலைக்கவில்லை. நேற்று கூட்டிப் பார்த்தேன், 27,350. என் சம்பளம் 17,000. வீட்டுக்காரியின் தோடு அடகில் இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் இருப்பதே பெரிதாகக் கேட்கிறது.

அடுத்து என்ன டெஸ்ட் எடுப்பது, எங்கே போனால் செலவு குறையும்? இன்னொன்று, எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது? இதைக் கேட்கவே கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

பேரையூர் பங்காளி

தம்பி, டெங்கு வந்தால் நமக்கும் பிளேட்லெட் இறங்குகிறதுதானே. பப்பாளி இலைச் சாறு காலையில் ஒரு ஸ்பூன் ஊற்றிப் பாருங்கள், எங்கள் வீட்டு நாய் அதில்தான் பிழைத்தது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் பாதி போதும். சும்மா டாக்டர் டாக்டராக மாறினால் அவர்கள் வீடு கட்டுவார்கள், நீங்கள் தோடு மீட்க முடியாது.

ஊதா மூடி

பங்காளி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், பாரசிட்டமால் வேண்டவே வேண்டாம். நாயின் ஈரலைக் கெடுக்கும், ரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, பிளேட்லெட் குறைந்திருக்கும்போது வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் பிறகு பேசிப் பயனில்லை. பப்பாளிச் சாறு கிருமியைக் கொல்லாது.

நான் கால்நடை லேபில் வேலை செய்தவன், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சிலைடில் தெரியவில்லை என்றால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று அர்த்தமில்லை. எர்லிகியா என்று ஒரு கிருமி வெள்ளை அணுவுக்குள் ஒளிந்துகொள்ளும், ஒரு சொட்டு ரத்தத்தில் அது கண்ணில் படுவது அதிர்ஷ்டம். பேபேசியா சிவப்பு அணுவை உடைக்கும், அதைத் தேட வேண்டுமானால் காது நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் பார்த்தால் கிடைக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஹெபடோசூன் இன்னொன்று, உண்ணி கடித்து வராது, நாய் உண்ணியைக் கடித்து விழுங்கினால் வரும். மூன்றுக்கும் ஒரே மருந்து கேட்காது. ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் கொடுத்துப் பார்ப்பதில்தான் பாதிப் பேருடைய காசு போகிறது.

அதனால் டாக்டரிடம் உண்ணிக் கிருமிகளுக்கான பிசிஆர், அதாவது ரத்தத்தில் கிருமியின் மரபணுவையே தேடும் டெஸ்ட், அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஒரே ரத்தத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், ஆனால் ரத்தமே ஐஸாக உறைந்துவிடக்கூடாது. ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், மருந்து ஓடும்போது எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். பத்து நிமிடத்தில் கோடு காட்டும் கிட் டெஸ்டும் இருக்கிறது, ஆனால் அது எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. போன வருடம் வந்து போன நோய்க்குக்கூடக் கோடு விழும்.

இரண்டு கேள்வி. உங்கள் பில்களில் டெக்ஸா அல்லது பிரெட்னிசோலோன் என்று ஸ்டீராய்டு எங்காவது இருக்கிறதா? டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் எத்தனை நாள் கொடுத்தீர்கள்?

யானைமலை நிழல்

எடுத்துப் பார்த்தேன் அண்ணே. முதல் டாக்டர் பில்லில் டெக்ஸா இரண்டு முறை, இரண்டாவது டாக்டரிடம் ஒரு முறை. டாக்ஸி ஏழு நாள் எழுதியிருந்தார், முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பால் சோற்றில் பொடித்துப் போட்டுத்தான் கொடுத்தோம், வேறு எதிலும் வாயே வைக்கவில்லை.

ஊதா மூடி

அப்படியானால் அந்த மூன்று நாள் ஓட்டத்துக்கு டெக்ஸாவே காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கும், பசியைத் தூண்டும், உள்ளே நோய் அப்படியே இருக்கும். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்கும்போது அது தேவைப்படும். ஆனால் அடுத்த டாக்டருக்கு அது போட்டது தெரிய வேண்டும். நீங்கள் சொன்னீர்களா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

டாக்ஸி எர்லிகியாவுக்குப் பொதுவாக 28 நாள் கொடுப்பார்கள். ஏழு நாளில் நாய் தெளிந்துவிடும், நாமும் நிறுத்திவிடுவோம். பாலோ தயிரோ சேர்த்தால் மருந்து உடம்பில் பிடிப்பது குறையும், அதனால் கறிச்சாறு சோற்றில் கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பாள். ஆனால் டாக்டர் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், முதலில் ரத்தம்.

வாடிப்பட்டி அக்கா

தம்பி, போதும் என்று எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்களே, அதை யாரும் தொடவில்லை. போன வருடம் எங்கள் கருப்பனுக்கு 41,000 செலவழித்தேன், போய்விட்டான். அதில் பாதிக்கு மேல் தினமும் ஏற்றிய குளுக்கோஸும் சத்து ஊசியும்தான். என்ன நோய் என்று கண்டுபிடிக்க ஆன செலவு ரொம்பக் குறைவு. அது தெரிந்தபோது கையில் காசு இல்லை.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். உள்ளே போனதுமே டாக்டரிடம், என்னிடம் 4,000 இருக்கிறது, இதில் முதலில் எதைச் செய்ய வேண்டும், எதை விடலாம், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிடுவேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் நல்ல டாக்டர் அப்படிக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து யோசிப்பார், அதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஊசிக்கும், இது நோய்க்கா, தெம்புக்கா என்றும் கேளுங்கள்.

தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் காலையிலேயே போங்கள், கூட்டம் இருக்கும், உட்காருங்கள். அங்கேயும் பிடிபடவில்லை என்றால் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி. இரண்டும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள், பேராசிரியர்களே பார்ப்பார்கள். பழைய பில், ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஆசனவாயில் வைத்துத் தினமும் இரண்டு வேளை குறியுங்கள், 101 முதல் 102.5 வரை நாய்க்குச் சாதாரணம். ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்தாலோ மஞ்சளானாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றைக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள், ராத்திரி ஆனாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உங்கள் அம்மாவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். என் மாமியார் அங்கே காத்திருந்த மற்ற நாய்களைப் பார்த்த பிறகு பேச்சே மாறிவிட்டது.

யானைமலை நிழல்

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். தல்லாகுளம் போனோம். அம்மாவும் வந்தார்கள். 4,000 என்று சொன்னேன் அக்கா, தொண்டை அடைத்தது, ஆனால் சொல்லிவிட்டேன். டாக்டர் தாளை முழுக்கப் படித்துவிட்டு, ஸ்கேன் இப்போது வேண்டாம் என்று ஒதுக்கினார். காது நுனி ரத்தத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பிசிஆருக்கு ரத்தம் எடுத்துத் தனியார் லேபுக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை. எடுத்த பிறகு டாக்ஸி ஆரம்பித்தார், இந்தத் தடவை நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். நேற்று 103.1, இன்று காலை 102.6. ஈரல் குழம்பு சோறு கொஞ்சம் சாப்பிட்டாள். மொத்தம் இப்போது 30,920.

காய்ச்சல் குறைந்தது மருந்தாலா, இல்லை வழக்கமாக வந்து போகிற மாதிரியா என்று தெரியவில்லை. அவள் படுக்கிற இடத்துக்குப் பின்னால் விறகை எடுத்துவிட்டுப் பார்த்தால் சுவர் விரிசலுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கிறது, அவள் மேல் நாங்கள் பார்த்ததோ நாலோ ஐந்தோதான். அந்தச் சுவருக்கு என்ன மருந்து அடிப்பது, அடித்த பிறகு அவளை எத்தனை மணி நேரம் வெளியே கட்ட வேண்டும்? வீட்டில் கோழியும் இருக்கிறது.